ஆவடிக் கையும் விமானத் தகடும்

சென்னை ஆவடியின் கோவில்பதாகைப் பக்கம் யாரிடமாவது, வீட்டு ஷெட்டில் வைத்து இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்குத் தகடு வளைக்க முடியுமா என்று கேட்டால் பதில் யோசனையின்றி வரும்: "டாங்கியே செய்யுற ஊரு சார் இது." பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் அமைந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. ரயிலேறினால் பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப். நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெட்டு, மடக்கு, துளை, பிரஸ் என்று தகட்டை என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனைக்கும் தனித்தனிப் பட்டறை.

அந்தப் பதிலைத்தான் இங்கே எடை போட வேண்டும். டாங்கியின் உடல் தடித்த எஃகு, வெல்டிங்கில் சேர்வது. வீட்டில் கட்டும் விமானத்தின் மேல்தகடு 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை உள்ள அலுமினியக் கலவை, ரிவெட்டில் சேர்வது. தடிப்பில் தேறிய கை மெலிவிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள எந்த முகாந்திரமும் கிடையாது. அளவுகோலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வளைத்த பிறகு பாகம் வரைபட அளவில் இருக்க வேண்டும். தகட்டின் பலம் குறையாமல் இருக்க வேண்டும். இவை இரண்டையும் வேறொருவர் வந்து சரிபார்க்க முடிய வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் வாய்ச்சொல்.

தகட்டிலிருந்தே தொடங்குவோம். பாரிமுனை, மண்ணடிக் கடைகளில் "அலுமினியம் ஷீட்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கிட்டத்தட்டச் சுத்த அலுமினியம், அல்லது கொஞ்சம் மாங்கனீசு சேர்ந்த மென்மையான ரகம். கையாலேயே மடங்கும், கிழியாது, சுத்திக்குப் பணியும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சுத்த அலுமினியத்தின் அரைக் கடின ரகம் சுமார் 115 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளைந்துவிடும். விமானத்துக்குரிய 6061-டி6 என்ற கலவை சுமார் 275 வரை தாங்கும். 2024-டி3 என்ற கலவை சுமார் 325 வரை. வெள்ளை வெளேரென்று மூன்றும் பார்வைக்கு ஒன்றே. எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதை வைத்துத் தகட்டைத் தேர்ந்தெடுப்பவர், தன்னை அறியாமலே மிகப் பலவீனமானதைத் தேர்ந்தெடுக்கிறார்.

இந்தக் கலவைகளின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அவற்றைப் பட்டறையில் எப்படி நடத்தக் கூடாது என்பதும் விளங்கிவிடும். 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்தார். உடனே அது இறுகவில்லை. நாட்கள் போகப் போகத் தானாக இறுகியது. டூராலுமின் அப்படிப் பிறந்தது, 2024 அதன் வழித்தோன்றல். பலம் முழுவதும் அந்தச் சூட்டுப் பதத்தில் இருக்கிறது. அதற்குமேல் அளவு தெரியாமல் சூடு காட்டினால் பதம் கலைந்துவிடும்.

மேற்குப் புறநகரின் பெருமைக்கு முதல் அடி விழுவது இங்கேதான். சிடிஎச் ரோடு நெடுகிலும் இருக்கும் டிங்கரிங் கடைகளில் நிஜமான கலைஞர்கள் இருக்கிறார்கள்; நசுங்கிய கதவை ஒரு மணி நேரத்தில் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய கருவிப்பெட்டியில் முதல் இடம் கேஸ் டார்ச்சுக்கு. சூடு காட்டி, தட்டி, மிச்சத்தைப் பட்டி போட்டு மறைப்பது அந்தத் தொழிலின் முறை. எஃகு சிவந்து காட்டி எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காமலே உருகும். உருகும் முன்பே 6061-இன் பதம் முழுவதும் இறங்கினால் அதன் பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். பட்டிக்கு விமானத்தின் பளு தாங்கும் பாகங்களில் இடமே இல்லை. ஆகவே நல்ல டிங்கரைக் கூட்டிவந்து விமானத் தகடு தட்டச் சொல்வதைப் போல மோசமான யோசனை வேறில்லை. திறமை குறைவு என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அவருடைய திறமை இதற்கு நேர் எதிரான பழக்கங்களின் மேல் கட்டப்பட்டது.

எனக்கு ஏசி டக்ட் செய்பவர்கள் மேல்தான் நம்பிக்கை. யாரும் அவர்களைக் கலைஞர் என்று சொல்வதில்லை. ஆனால் 0.6, 0.8 மில்லிமீட்டர் ஜிஐ தகட்டை நாள் முழுக்கக் குளிர்ந்த நிலையிலேயே கோடு போட்டு, வெட்டி, மடக்குபவர்கள் அவர்கள். விரித்த வடிவத்திலிருந்து மடித்த வடிவத்தைக் கண்ணில் காணும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். டக்ட்டின் மடிப்பு கத்தி போல் கூர்மையாக இருக்கும். துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகு அதைத் தாங்கும், 2024-டி3 தாங்காது. அதன் மடிப்பின் உள்வளைவு தகட்டுத் தடிமனைப் போல் மூன்று மடங்காவது வேண்டும், வரைபடம் கூடுதலாகக் கேட்டால் கூடுதலாக. கூர்மையாக மடக்கினால் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்கு அது அன்றைக்குத் தெரியாது.

உள்வளைவு வைத்துவிட்டால் கணக்கும் கூடவே வரும். பலர் வழுக்குவது இங்கேதான், ஆகவே ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 0.8 மில்லிமீட்டர் தகடு, உள்வளைவு ஆரம் 2.4 மில்லிமீட்டர், 90 டிகிரி மடிப்பு. விமானப் பட்டறைகளில் புழங்கும் சூத்திரம்: ஆரத்தை 0.01743-ஆல் பெருக்கி, தடிமனை 0.0078-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, டிகிரியால் பெருக்க வேண்டும். விடை 4.33 மில்லிமீட்டர், வளைவுக்குள் போகும் தகடு அவ்வளவு. இரண்டு பக்கமும் வெளி அளவை அப்படியே கூட்டி வெட்டியிருந்தால், மூலைக்கென்று 6.4 மில்லிமீட்டர் விட்டிருப்போம். வித்தியாசம் ஒரு மடிப்புக்கு 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மடிப்புள்ள 'சி' வடிவப் பாகத்தில் 4 மில்லிமீட்டர் தவறும். ஜன்னல் கிரில்லில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். ரிவெட் துளை விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டிய இடத்தில், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 6 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில், 4 மில்லிமீட்டர் தவறினால் அந்தப் பாகம் காயலான் கடைக்குத்தான் போகும்.

கோடு போடுவதிலும் ஒரு சட்டம் உண்டு. ஸ்க்ரைபரால் மடிப்புக் கோடு கீறக் கூடாது; அந்தக் கீறலே பிறகு விரிசலின் வாய். பென்சிலும் ஆகாது, அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா போதும். வெட்டிய விளிம்பில் எழும் பிசிறை, அதாவது பர்ரை எடுத்து, நீளவாக்கில் மழமழவென்று தேய்த்த பிறகே வளைக்க வேண்டும். ஐடிஐ ஃபிட்டர் ஒருவருக்கு இதில் கஷ்டமானது என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் செய்வதுதான் கஷ்டம்.

இனி ரிப். இறக்கையின் குறுக்கே வரிசையாக நின்று மேல்தகட்டுக்கு உருவம் கொடுப்பது அது. ஒரு பக்க இறக்கைக்கே பத்துக்கு மேல் தேவைப்படும். சுற்றிலும் விளிம்பு மடித்திருக்க வேண்டும். அந்த விளிம்பு நேர்கோட்டில் போகாமல் இறக்கையின் வளைவோடு போகும். வீட்டில் கட்டுபவரின் வழி அச்சுக்கட்டை. ரிப்பின் உருவத்தில் கெட்டியான மரத்திலோ எம்டிஎஃப் பலகையிலோ இரண்டு கட்டைகள் அறுத்து, நடுவில் தகட்டை வைத்து, குறியூசிகளால் நகராமல் நிறுத்தி, போல்ட் போட்டு இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை நைலான் சுத்தியாலோ மரச்சுத்தியாலோ மடக்குவது. கட்டையின் விளிம்பில் மடிப்பு ஆரத்தை முன்பே உருட்டி வைக்க வேண்டும். அடி நின்றதும் தகடு கொஞ்சம் பின்னுக்கு நிமிரும் என்பதால் கட்டையின் பக்கத்தைச் சில டிகிரி உள்வாங்கிச் செதுக்க வேண்டும்.

மடக்கும்போது வெளிவளைவுள்ள விளிம்பில் உலோகம் மிஞ்சும், சுருங்க இடம் தேடி நெளியும். அந்த மிச்சத்தை அடித்து நசுக்கப் பார்த்தால் தகடு இறுகிக் கெட்டுப்போகும். ரிவெட் வராத இடங்களில் இடுக்கியால் சின்னச் சின்னப் பள்ளமாக, புடவைக் கொசுவம் வைப்பதுபோல் மடித்துவிட்டால் ரிப் நேராக நிற்கும். உள்நோக்கி வளைந்த விளிம்பில் கதை தலைகீழ். அங்கே உலோகம் இழுபடும், விளிம்பு கிழியப் பார்க்கும். பர் எடுத்தாரா இல்லையா என்பதை அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். சிறு சிறு அடியாக நூறு போடுவதை விட, அகலமான கட்டையை வைத்துச் சில அடிகள் போடுவது மேல். ஒவ்வொரு அடியும் தகட்டைக் கொஞ்சம் இறுக்குகிறது.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அம்பத்தூரில் ரப்பர் மெத்தை வைத்துப் பிரஸ்ஸில் ஒரே அழுத்தாக அழுத்தினால் முப்பது ரிப்பும் ஒரே அச்சாக வருமே, சுத்தி எதற்கு? முறை பழையது, நல்லதும்கூட. 1930-களில் அமெரிக்காவின் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் ஹென்றி கெரின் வகுத்தது. கீழே ஒரே ஒரு அச்சு, மேலே ரப்பர். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்தால், 90 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ரிப்புக்கு ஏறத்தாழ 95 டன் வேண்டும். பாட்டில் ஜாக் பொருத்திய இருபது, முப்பது டன் பிரஸ்ஸை வைத்து ஒப்பேற்றினால் விளிம்பு பாதி மடிந்து நிற்கும், பிறகு சுத்தியைத்தான் தேட வேண்டும். நூறு டன் பிரஸ் எஸ்டேட்டில் அரிதில்லை. அதன் நேரத்தை, லட்சக்கணக்கில் பாகம் அடிக்கும் ஒரு பட்டறை, முப்பது ரிப்புக்காக ஒதுக்குமா என்பதுதான் சிக்கல். ஒதுக்கினால் எடுத்துக்கொள்ளலாம். ஒதுக்காவிட்டால் குடி முழுகிவிடாது, ஏனென்றால் மரக்கட்டை முறையில் வரும் ரிப், கவனமாகச் செய்தால், மூன்று அளவுகோலிலும் தேறுகிறது.

இறக்கையின் நீளவாக்கில் ஓடும் ஸ்பார் விஷயத்தில் எனக்கு இந்தத் தாராளம் கிடையாது. இறக்கையின் முழுப் பளுவும் அதன் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. ஒரு ரிப்பின் விளிம்பு விரிந்தால் அடுத்த ரிப் கொஞ்சம் சுமக்கும். ஸ்பார் விரிந்தால் சுமக்க யாருமில்லை. இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரே ஆரத்தில், முறுக்காமல் மடக்குவது கைவேலை ஆகாது. பிரஸ் பிரேக் உள்ள பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது வரைபடத்தோடு மடிப்பு ஆரத்துக்கான டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். "எங்ககிட்ட இருக்கிற டையே போதும் சார்" என்பது எஸ்டேட்டின் வழக்கமான உபசாரம். அந்த டை பெரும்பாலும் எஃகுக்கானது, கூரானது. தகட்டின் உருட்டுத் திசைக்குக் குறுக்காக மடிப்பு வரும்படி வெட்டச் சொல்வதும் நம் வேலைதான். மறந்தால் கேட்க ஆளில்லை.

துளைகளைப் பற்றி எச்சரிக்க 2023-ஐ விடப் பொருத்தமான ஆண்டு இல்லை. அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், ரிச்சர்ட் வான்க்ருன்ஸ்வென் தொடங்கிய நிறுவனம், வீட்டில் கட்டும் விமானக் கிட் உலகில் முதலிடத்தில் இருப்பது. அவர்களுடைய ஆர்வி வரிசையில் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. தேவை கூடியபோது சில பாகங்களைப் பஞ்ச் அடிப்பதற்குப் பதில் லேசரில் வெட்ட ஏற்பாடு செய்தார்கள். லேசர் வெட்டிய துளையின் ஓரத்தில் இருந்த நுண்ணிய பிசகால், ரிவெட் தலை அமரக் குழி அழுத்தியபோது விரிசல்கள் தோன்றின. கட்டியவர்கள் பாகங்களை மாற்ற வேண்டியதாயிற்று. வேறு நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, அந்த டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. லேசர் கட்டிங் இன்றைக்கு அம்பத்தூரில் மிக எளிதாகக் கிடைக்கும் சேவை. விலை மலிவு, அளவு துல்லியம். அளவு துல்லியம் என்பதற்காக அதை நம்பினால் வேன்ஸ் விழுந்த குழியில் நாமும் விழுவோம். வெளி உருவத்துக்கு லேசர் இருக்கட்டும், ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். ரிவெட் துளையைச் சிறிதாக விட்டு, கடைசி அளவுக்கு டிரில், ரீமர் போட்டுப் பர் எடுப்பதே பத்திரம்.

மூக்குப் பகுதி, சக்கர மூடி போன்ற இரு பக்கமும் வளைந்த பாகங்களில் நான் தகட்டின் கட்சியில் இல்லை. சக்கரத்தில் உருட்டி உருட்டி அவற்றை எடுக்கும் கலை அழகானது. வீட்டில் ஒரு விமானம் கட்டுபவர் அதற்குள் போனால் விமானம் கட்ட மாட்டார். ஃபைபரில் செய்வது போதும். அப்படியானால் விமானம் முழுவதையுமே ஃபைபரில் செய்யலாமே என்று கேட்கலாம். பெங்களூரின் என்ஏஎல் ஆய்வகம், பர்ட் ருட்டன் வீட்டில் கட்டுவோருக்காக வடிவமைத்த லாங்-ஈஸியைத்தான் கட்டி 1987-இல் பறக்கவிட்டது. இந்தியாவின் கூட்டுப்பொருள் விமானங்களுக்கு அது முன்னோடி. ஆனால் அதன் பின்னால் ஒரு ஆய்வகம் இருந்தது. ரெசின் சரியாக ஊறியதா என்பதை ஷெட்டில் நின்று கண்ணால் சொல்ல முடியாது. தகட்டில் நடந்த தவறு பெரும்பாலும் வெளியே தெரியும், அல்லது தெரியவைக்கலாம். வெல்டிங் சோதனைக்குச் செய்யும் டிபி டெஸ்ட்டின் சிவப்புச் சாயம் மடிப்பின் மயிரிழை விரிசலையும் காட்டிக்கொடுக்கும். தகட்டுக்கு நான் சார்பாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பவர்கள் மும்பையைக் காட்டுவார்கள். விமானி அமோல் யாதவ் காந்திவலியில் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை அலுமினிய விமானம் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது நின்றது. 2017-இல் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் பதிவு கிடைத்தது. பறக்க அனுமதி 2019-இல் வந்தது. மனிதரின் விடாமுயற்சியைப் பற்றி இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இந்தக் கதை சொல்லப்படும் விதத்தில் எனக்குக் குறை உண்டு. மொட்டைமாடியையும் அரசு அலுவலகப் படிகளையும் விவரித்த அளவுக்கு ரிப்பையும் ரிவெட்டையும் யாரும் விவரிக்கவில்லை. கட்டுவது வீரம், அனுமதி தருவது தடை என்று கதை அமைந்துவிட்டது. அடுத்து கட்ட நினைப்பவர் அதிலிருந்து வீரத்தைக் கற்கலாம். தகட்டைப் பற்றி எதையும் கற்க முடியாது.

மற்றொரு உதாரணம் ஆலப்புழைக்காரர் அசோக் தாமராட்சன். கொரோனா முடக்கத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸில் நான்கு இருக்கை ஸ்லிங் டிஎஸ்ஐ விமானத்தைக் கட்டி, 2022-இல் குடும்பத்தோடு பறந்து செய்தியானவர். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிட். துளை போட்டு, மடக்கி, எண் ஒட்டி வந்த பாகங்கள். இதைக் கேட்டதும் "அப்போ இவர் என்னத்த செஞ்சார்?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஆயிரக்கணக்கான ரிவெட்டை ஒழுங்காக அடிப்பதும் கட்டுவதுதான். பறப்பது குறிக்கோள் என்றால், பாகத்தை வடிவமைப்பாளரே மடக்கிக் கொடுப்பது எல்லா விதத்திலும் மேலான வழி.

சென்னைக்கே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910-இல் தான் வடிவமைத்த விமானத்தைப் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது குதிரை வண்டியும் மோட்டார் கூடும் செய்துவந்த சிம்சன் கம்பெனி. வடிவம் தனதாகவும் கைவேலை பட்டறையுடையதாகவும் வைத்துக்கொண்ட அந்தப் பிரிவினை, நூறாண்டு கழித்து வந்த மொட்டைமாடித் தனிமனிதக் கதையை விட எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆக, தீர்ப்பு இது. கோவில்பதாகையில் ஒரு ஷெட்டில் விமானத் தகடு வளைக்கலாம். நிபந்தனைகளோடு. தகடு 6061-டி6 ஆக இருக்கட்டும். 2024-இன் கூடுதல் பலத்துக்கு ஆசைப்பட வேண்டாம், அது உள்வளைவிலும் அரிப்பிலும் கறாரானது. கிறிஸ் ஹெய்ன்ட்ஸின் ஜெனித் விமானங்கள் போல 6061-க்கென்றே வரைந்த, பலமுறை பறந்து தேறிய வரைபடத்தை எடுக்க வேண்டும். 2024-க்கு வரைந்ததில் மாற்றிப் போடக் கூடாது. ரிப்பை அச்சுக்கட்டையில் கையால் மடக்கலாம். ஸ்பாரைக் கையால் தொட வேண்டாம். தகட்டை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் காகிதம் வைத்து, தரையிலிருந்து நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்த ஆவடிக்காரர்களுக்கு எவ்வளவு உயரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் பறக்க வேண்டும் என்ற அவசரம் இருப்பவர் கிட் வாங்குவதே நல்லது.

டாங்கி செய்யும் ஊர் என்ற வாதம் தோற்கிறது. தோற்றாலும் ஊருக்கு இழிவில்லை. இங்கே பற்றாக்குறை கைக்கு இல்லை, சான்றுக்குத்தான். சில்லறையாக வாங்கும் தகட்டுக்கு ஆலைச் சான்றிதழ் கூட வருவதில்லை. வந்தாலும் அந்தச் சான்றிதழ் இந்தத் தகட்டுக்குரியதுதானா என்று பார்க்கத் தனி மனிதருக்கு வழியில்லை. ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்க்கும் யந்திரம் இருந்தால் பத்து நிமிட வேலை. அந்த யந்திரம் பெரும்பாலான பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. ஆவடியிலேயே வேல்டெக் இருக்கிறது. 1949 முதல் விமானப் பொறியியல் சொல்லித்தரும் எம்ஐடி குரோம்பேட்டையில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த ஆய்வுக்கூடங்களை வெளியாட்களுக்கும், நியாயமான கட்டணத்தில், திறந்துவிடலாம். துறைத் தலைவர்கள் யோசிக்க வேண்டும்.